கூடைக்கயிறு பட்ட இடம்

கொழும்பு
20.01.2008

அம்மா,

படிச்ச உடனே அழக்கூடாது. யாருக்கும் ஒண்ணும் ஆகல. நான் நல்லாத்தான் இருக்கேன்.

பொங்கலுக்கு வர முடியல. சீலைக்கடையில லீவு தரல. நீங்க குடுத்துவிட்ட அவரையும் மரக்கறியும் நம்ம தோட்டத்துச் சோலைமலை மாமா கொண்டாந்து குடுத்தாரு. போர்டிங்ல இருக்கிற பிள்ளைகளோட சேர்ந்து ஆக்கித் தின்னோம்.

கடையில ஒரு போன் வாங்கித் தாறேன்னு சொன்னதுக்கு நீங்க வேணாம்னீங்க. யோகாக்கா ஆஸ்பத்திரியில செத்த சேதி போன்ல வந்ததுல இருந்து அந்தச் சத்தமே ஒங்களுக்கு ஆகாதுன்னு தெரியும். எனக்கும் தான் ஆகல. அதனால எழுதுறேன்.

போன மாசம் கீழ்த்தட்டுல இருந்து சீலை எடுக்கக் குனிஞ்சேன். முன்னால நின்ன ஒரு அம்மா, "நீ தோட்டத்துப் பிள்ளையோ?"ன்னு கேட்டாங்க. எப்படித் தெரியும்னு கேட்டேன். "உச்சந்தலையில கொழுந்து பறிக்கிற கூடைக்கயிறு பட்ட இடம் தெரியுதே" அப்படின்னாங்க. கூட வந்தவங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க. நான் அந்தச் சீலைய எடுக்காமலே நிமிந்துட்டேன். மறுநாள் அத மறைக்கத் துண்டு கட்டிக்கிட்டுப் போனேன். முதலாளியம்மா என்னை உள்ள, துணி மடிக்கிற எடத்துல போட்டுட்டாங்க. தலையில துண்டு கட்டிக்கிட்டு நிக்கிறது கடைக்கு அழகா இல்லையாம்.

எங்க கடைக்கு சிவகௌரின்னு ஒரு டொக்டரம்மா வருவாங்க. யாழ்ப்பாணத்து ஆளு. தோல் டொக்டர். அவங்க என் தலையைத் தொட்டுப் பாத்தாங்க. ஒரு வைத்தியம் இருக்காம். அடிவயித்துல சின்னத் துளை போட்டு, குழாய் ஊசியால கொஞ்சம் கொழுப்பு உறிஞ்சி எடுப்பாங்களாம். அதக் கழுவிச் சுத்தம் பண்ணி, முடி இல்லாத எடத்துத் தோலுக்குக் கீழ ஊசியால போடுவாங்களாம். கயிறு அழுத்தி அழுத்தி நம்ம தோலு செத்த தோலு மாதிரி இறுகிப் போச்சாம். கொழுப்பு போனா அது எளகி, தூங்கிக்கிட்டிருக்கிற முடிவேரு முழிக்கலாமாம். முழிக்கும்னு சொல்லல. முழிக்கலாம்னு தான் சொன்னாங்க.

இது புதுசாம். கயிறு பட்ட தலைக்கு இன்னும் செஞ்சு பாக்கலையாம். அதனால எனக்குச் சும்மாவே செய்யிறாங்களாம்.

ஒங்களக் கேக்காம செய்ய மாட்டேன். பதில் போடுங்க.

ஒங்க மக
சுலக்ஷனா

•

டயகம
3.2.2008

மக சுலாவுக்கு அம்மா எழுதுறது.

ஒன் கடிதம் பெரட்டுல குடுத்தாங்க. விடியக்காலம் வேலைக்குப் பேரு கூப்பிடுற எடத்துல, கணக்கப்பிள்ளை அதத் தூக்கிப் புடிச்சு, "என்ன நாகலெட்சுமி, ஒம்மக கொழும்புல மாப்பிள்ள பாத்துருச்சா?"ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். ரவிக்கையில சொருகிக்கிட்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போயிட்டேன். மத்தியானம் கொழுந்து நிறுக்க நிக்கும்போது பிரிச்சேன். வயிறுங்கற சொல்லு வரைக்கும் தான் படிச்சேன். அதுக்கு மேல எழுத்து ஒண்ணும் கண்ணுல நிக்கல. மிச்சத்த வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சேன்.

வேணாம் கண்ணு.

ஒங்கக்காவுக்கும் இப்படித்தான் சொன்னாங்க. புள்ள நிறுத்துற ஒப்பரேசன், சின்ன ஒப்பரேசன், சும்மா செய்யிறோம்னாங்க. லொறி அனுப்பினாங்க. நீ தானே கூடப் போன. திரும்பி வரும்போது ஒரு சீலையும் குடுத்து விட்டாங்க. மூணாம் நாளே மலைக்குப் போனா. அப்புறம் என்ன நடந்துச்சுன்னு நான் ஒனக்குச் சொல்லணுமா? அந்தச் சீலை மடிப்புக் கலையாம பெட்டிக்குள்ள கெடக்கு. கட்டவும் முடியல, எரிக்கவும் முடியல. அவ புள்ளைங்க ரெண்டையும் அவங்கப்பன் கொட்டகலைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். லயத்துல இந்த ஒத்த அறைக் காம்பராவுல நானும் அந்தச் சீலையும் தான்.

நமக்கு எதுவும் சும்மா வந்தா எனக்குப் பயமா இருக்கு சுலா. ஏன் சும்மா வருதுன்னு கேக்கத் தோணுது. கேக்கத்தான் ஆளு இல்ல.

இன்னொண்ணு. கயிறு பட்ட எடம் தெரியுதுன்னு வெக்கப்படுறியே, நம்ம லயத்துல எந்தப் பொம்பளைக்கு அது இல்ல? என் தலையிலயும் தான் இருக்கு. ஒன்னத விடப் பெருசா இருக்கு. ஒங்கப்பா இருந்த காலத்துல அந்த எடத்துல தான் எண்ணெ வச்சு விடுவாரு. எரியுதா நாகு, எரியுதான்னு கேப்பாரு. எனக்கு அது அசிங்கமுன்னு ஒரு நாளும் தோணல. இப்ப ஒன் கடிதத்தப் படிச்சிட்டு கண்ணாடியில குனிஞ்சு பாத்தேன். பாக்காமலே இருந்திருக்கலாம்.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு கிட்ட சொன்னேன். அது சொல்லுது, "தலையில முடி இல்லாட்டி சாவா வந்துரும்? வயித்துல கை வச்சாத்தான் வரும்"ங்குது.

சண்டையால கொழும்புல சோதனை கூடிருச்சுன்னு ரேடியோவுல சொன்னாங்க. போலீஸ் பதிவுத் துண்ட எப்பவும் கையில வச்சிரு. வேணாம்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான்.

அம்மா
நாகலெட்சுமி

•

கொழும்பு
17.02.2008

அம்மா,

ஒங்க தலையப் பாத்து நான் வெக்கப்பட்டேன்னு எப்படி எழுத மனசு வந்துச்சு? ஒங்க மேல எனக்கு வெக்கம் இல்ல. லயத்துல இருக்கும்போது என் தலையும் எனக்குத் தெரியல. அங்க எல்லாரும் ஒண்ணு. இங்க நான் வாயத் தொறக்க முந்தியே தலை பேசிருது. கோயில்ல குனிஞ்சு கும்பிட்டா, பின்னால நிக்கிற பொம்பள, "வீட்டு வேலைக்கு ஒரு பிள்ளை வேணும், உங்க தோட்டத்துல ஆரும் இருக்கினமோ?"ன்னு கேக்குது. என் பேரக் கூடக் கேக்கல. நான் சாமி கும்பிடத்தான் போனேன்.

பதினாறு வயசுல கூடை மாட்டினேன். யோகாக்கா சாகுற வரைக்கும் எறக்கல. கயிறு போதும்மா. கயிறு இருந்த எடமாவது எனக்குத் திரும்ப வேணும்.

டொக்டரம்மா கிட்ட ஒங்க கடிதத்தப் பத்திச் சொன்னேன். அக்காவப் பத்தியும் சொன்னேன். அவங்க பேனாவ வச்சாங்க. அப்புறம் சொன்னாங்க: "பயப்பிடாதேங்கோ எண்டு நான் சொல்லமாட்டன். பயப்பிடத்தான் வேணும். துளை போட்ட இடத்தில கிருமி போகலாம். போட்ட கொழுப்பு கரைஞ்சு போகலாம். முடி ஒண்டும் வராமலும் போகலாம். எல்லாத்தையும் கேட்டுப் போட்டு வாங்கோ." எனக்கு அந்தப் பேச்சு பிடிச்சிருந்துச்சு. லொறியில ஏத்தும்போது நம்மகிட்ட யாரும் இப்படிச் சொல்லல.

ஆனா ஒரு சங்கடம். என் வயித்தக் கிள்ளிப் பாத்துட்டு, "இதில எங்க பிள்ளை எடுக்கிறது? தோலும் எலும்பும் தானே கிடக்குது"ன்னாங்க. ரெண்டு மாசம் நல்லாச் சாப்பிட்டு வரச் சொன்னாங்க. இப்ப போர்டிங்ல என் தட்டுல தான் எல்லாரும் மிச்சச் சோத்தக் கொட்டுறாளுங்க. "தின்னுடி, ஒன் முடிக்குத் தான் தின்னுற"ன்னு கேலி.

பகல்ல சிரிக்கிறேன். படுத்தா சிரிப்பு வரல. லொறியில நான் தான் அக்கா பக்கத்துல உக்காந்து போனேன். அவ என் மடியில கையை வச்சிருந்தா. அந்தக் கை போகும்போது எவ்வளவு சூடு, வரும்போது எவ்வளவு குளிருன்னு எனக்கு இப்பவும் தெரியுது. பயம் ஒங்களுக்கு மட்டும்னு நெனக்காதீங்க.

சுலக்ஷனா

•

டயகம
2.3.2008

சுலா,

ஒன் கடிதத்துக்குப் பதில் எழுதலாமா வேணாமான்னு இருந்தேன். எழுதாம இருந்தா நீ செஞ்சிருவியோன்னு பயம். எழுதினா செய்யுன்னு சொன்ன மாதிரி ஆயிருமோன்னு பயம்.

நீ மெலிஞ்சு போனது எனக்குத் தெரியாது. தோலும் எலும்பும்னு டொக்டர் சொன்னத எழுதியிருக்க. அன்னைக்கு ராவு எனக்குச் சோறு எறங்கல. இந்தக் கொழுப்பு ஒங்கிட்ட இல்லைன்னா என்கிட்ட எடுக்கச் சொல்லு. புள்ளைக்கு அம்மா ரத்தம் குடுக்குறது இல்லையா? மூணு புள்ள சொமந்த வயிறு. ஒண்ணு பொறந்தப்பவே போச்சு, ஒண்ணு ஆளாகிப் போச்சு, நீ ஒருத்தி தான் மிச்சம். தொங்கிக்கிட்டுத் தான் கெடக்கு, எடுத்துக்கட்டும். அம்மாக்கண்ணு பக்கத்துல இருந்து, "எங்கிட்ட அனுப்பு அந்த டொக்டர, லயத்துக்கே முடி மொளைக்கிற அளவுக்கு எடுத்துக்கிட்டுப் போகட்டும்"னு இடுப்பத் தட்டிக் காட்டுச்சு. அதுக்கு எல்லாம் வெளையாட்டு.

நான் கேக்குறதுக்கு ஒண்ணொண்ணா பதில் எழுது. துளை எந்தப் பக்கம் போடுவாங்க? மயக்கம் குடுப்பாங்களா? குடுத்தா யாரு எழுப்புவாங்க? அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்களா, அனுப்பினா பக்கத்துல யாரு படுப்பா? அந்த டொக்டரம்மாவுக்குப் புள்ளைங்க இருக்கா? இருந்தா என்ன வயசு? கடைசிக் கேள்வி எதுக்குன்னு கேக்காத. சும்மா எழுது.

நீ சாப்பிடு. அதுக்குன்னு இல்ல. சும்மா சாப்பிடு.

அம்மா

•

கொழும்பு
23.03.2008

அம்மா,

ஒங்க கேள்விக்கெல்லாம் பதில்.

தொப்புளுக்குக் கீழ, ரெண்டு பக்கமும். அரிசி நீளம் தான் இருக்குமாம். மயக்கம் இல்ல, மரத்துப் போற ஊசி. முழிச்சுக்கிட்டே இருப்பேன், பேசலாம். அன்னைக்கே அனுப்பிருவாங்க. பக்கத்துக் கட்டில் கௌசி இருப்பா, கடையில கூட வேலை செய்யிற பிள்ளை, நல்லவ, குறட்டை தான் விடுவா. டொக்டரம்மாவுக்கு ஒரு மக இருந்தாங்களாம். இருந்தாங்கன்னு தான் சொன்னாங்க. அதுக்கு மேல நான் கேக்கல.

ஒருத்தர் கொழுப்ப இன்னொருத்தருக்குப் போட முடியாதாம். ஒடம்பு அத வெளிய தள்ளிருமாம். அம்மா குடுத்தாலும் தள்ளிருமான்னு கேட்டேன். "அம்மா எண்டு உடம்புக்குத் தெரியாது பிள்ளை"ன்னாங்க.

அப்புறம் அவங்களே, "அம்மாவுக்கும் இந்தத் தழும்பு இருக்கோ?"ன்னு கேட்டாங்க. என்னத விடப் பெருசுன்னு சொன்னேன். "அப்ப அவவையும் கூட்டிக்கொண்டு வாங்கோவன், பாப்பம்"னு சிரிச்சாங்க. நீங்க இத வாசிச்சிட்டு அம்மாக்கண்ணு அத்தை கிட்ட சொல்லிச் சிரிப்பீங்கன்னு தான் எழுதுறேன்.

நாள் குறிச்சாச்சு. வருசம் பொறந்த பிறகு, ஏப்ரல் 21, திங்கட்கிழமை. வேணாம்னு நீங்க சொன்னது ஞாபகம் இருக்கு. ஆனா கேள்வி கேட்டீங்கல்ல, அதையே சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். தப்புன்னா எழுதுங்க.

சுலக்ஷனா

•

டயகம
6.4.2008

சுலா,

நான் சிரிக்கல.

இத யோசிச்சு யோசிச்சுத் தான் எழுதுறேன், இடையில நிறுத்தாமப் படி. எட்டாம் நம்பர் மலையில குளவிக்கூடு கட்டுனா நாங்க என்ன செய்வோம்? செடி நெறை வரிசையில முன்ன போறவ கம்பால செடியத் தட்டிக்கிட்டே போவா. குளவி கெளம்புனா அவளத்தான் மொதல்ல கொட்டும். பின்னால வர்றவளுக ஓடித் தப்பிச்சுக்குவாளுக. அதனால புள்ளத்தாச்சியையும் சின்னப் பொண்ணுகளையும் முன்ன விடமாட்டோம். வயசான நாங்க தான் போவோம்.

நான் முன்ன போறேன். டொக்டரம்மா கிட்ட சொல்லு. எனக்கு மொதல்ல செய்யட்டும். என் வயித்துல துளை போட்டு என் தலையில வைக்கட்டும். முடி வந்தா என்ன வராட்டி என்ன, அந்த எழவு எனக்கு எதுக்கு. நான் ஒரு மாசம் உசுரோட இருந்தேன்னா அப்புறம் ஒனக்குச் செய்யட்டும். இல்லைன்னா ஒனக்கு வேணாம். இது தான் என் சம்மதம். வேற சம்மதம் கெடையாது.

ஒங்கக்காவுக்கு முன்ன போக ஆளு இல்ல. அவளையே முன்ன விட்டாங்க.

ஞாயித்துக்கெழம சோலைமலை கூட வாறேன். தலவாக்கலையில ரயில் ஏறுவோம். நான் அட்டன் டவுனத் தாண்டி ஒரு நாளும் போனது இல்ல. நீ டேசன்ல நில்லு. துண்டு கட்டாம நில்லு, அப்பத்தான் கூட்டத்துல எனக்கு அடையாளம் தெரியும்.

அம்மா

•

கொழும்பு
01.05.2008

அம்மா,

நீங்க போய் ஒரு கிழமை ஆகுது. போய்ச் சேர்ந்தேன்னு ஒரு வரி இல்ல. நான் பலவந்தமா பைக்குள்ள வச்சு அனுப்பின போனுக்கு அடிச்சா, ரெக்கார்ட் பண்ணி வச்ச பொம்பளக் குரல் சிங்களத்துல என்னமோ சொல்லிட்டு வச்சிருது. ஓப் பண்ணி அரிசிப் பானைக்குள்ள போட்டுட்டீங்கன்னு தெரியும்.

ஒங்கள உள்ள கூட்டிக்கிட்டுப் போனப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லல. நேர்ல சொல்ல முடியல. வெளிய வாங்குல உக்காந்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மெசின் சத்தம். அது நின்னா ஏன் நின்னுச்சுன்னு பயம். ஓடினா ஏன் இன்னும் ஓடுதுன்னு பயம். எனக்கு முடி வேணும்னு கேட்டதுக்கு ஒங்க வயித்தக் கிழிக்கிறாங்களேன்னு தலையில தலையில அடிச்சுக்கிட்டேன். அப்பத்தான் உள்ள இருந்து ஒங்க குரல் கேட்டுச்சு. "ஏம்மா, வயித்துல இருந்தத தலைக்கு மாத்துறீங்களே, இனிமே பசிச்சா தலையா கேக்கும்?" டொக்டரம்மா சிரிச்ச சிரிப்புல நான் அழுதுட்டேன்.

ரெண்டு கிழமை வீட்டுல இருக்கச் சொன்னத மறந்துறாதீங்க. டொக்டரம்மா திருப்பித் திருப்பிச் சொன்னது: தலையில கயிறு படவே கூடாது. பட்டா போட்டது எல்லாம் நசுங்கிப் போயிரும். துளை போட்ட எடத்துல ஈரம் படக்கூடாது, குளிக்கக்கூடாது. மாத்திரைய முழுசா முடிக்கணும். மாத்திரை முடிஞ்சா சும்மா இருக்காம மலைக்கு ஓடிராதீங்க.

ஒங்க சொல்லுப்படி என்னத ஒரு மாசம் தள்ளி வச்சாச்சு. ஒரு வரி போடுங்க. தபால்ல போட வழி இல்லைன்னா சோலைமலை மாமா கிட்ட சொல்லி விடுங்க.

சுலா

•

கொழும்பு
10.05.2008

அம்மா,

ஒரு பதிலும் இல்ல. தோட்டத்து ஒப்பீசுக்கு போன் பண்ணினேன். யாரோ ஒரு கிளாக்கர் எடுத்தாரு. நாகலெட்சுமி பெரட்டுக்கு வரலைன்னு மட்டும் சொன்னாரு. ஏன் வரலைன்னு கேட்டேன். லயத்துக்குப் போய்ப் பாக்க ஆளு இல்லைன்னு சொல்லிட்டு வச்சிட்டாரு. அக்கா சாக முந்தியும் பெரட்டுல இதே பேச்சு தான். வேலைக்கு வரலை.

எனக்கு முடி வேணாம்மா. ஒண்ணும் வேணாம். மொட்டை அடிச்சுக்கிட்டுத் திரியிறேன். முதலாளியம்மா கிட்ட லீவு கேட்டிருக்கேன். தராட்டியும் புதன்கிழமை ரயில் ஏறுறேன். இந்தக் கடிதம் முன்ன வருமா நான் முன்ன வருவேனான்னு தெரியல. கை சும்மா இருக்க முடியாம எழுதுறேன்.

எனக்கு முன்ன போகச் சொல்லி ஒங்கள யாரு கேட்டா?

சுலா

•

பெரியாஸ்பத்திரி, பொம்பளைங்க வாட்டு
11.5.2008

என் கண்ணு சுலா,

நான் சாகல. இத மொதல்ல படி. அப்புறம் மத்தத.

இந்த வாட்டுல மருந்து போடுற பொண்ணு கிட்ட கடுதாசி வாங்கி எழுதுறேன். வயித்துல எடது பக்கத் துளை சீழ் பிடிச்சிருச்சு. காய்ச்சல் வந்துச்சு. கீறிக் கழுவி, ஊசி போடுறாங்க. இன்னைக்கு ஒடம்பு சுடல. ஒரு பாண் துண்டும் பால் விடாத சாயத்தண்ணியும் உள்ள போச்சு.

எப்படின்னு சொல்றேன். டொக்டரம்மா மேல தப்பு இல்ல. ரெண்டு கிழமை வீட்டுல இருக்கச் சொன்னாங்க. இருந்து பாத்தேன். அந்தக் காம்பராவுல தனியா இருந்தா சொவரெல்லாம் யோகா. முடியல. மாத்திரை முடிஞ்ச மறுநாளே மலைக்குப் போயிட்டேன். ஆனா சொன்ன சொல்லு மீறல. கயிற தலையில போடல, தோள்ல போட்டுக்கிட்டேன். கங்காணி, "என்ன நாகலெட்சுமி, இஸ்கூலுக்குப் போறியா?"ன்னு கேட்டாரு. கேக்கட்டும்னு விட்டுட்டேன். குளிக்கவும் இல்ல. ஈரம் படக்கூடாதுன்னாங்கல்ல.

அந்தக் கிழமை முழுக்க மழை. நான் எப்பவும் போல சாக்குப் படங்கு கட்டிக்கிட்டுப் போனேன். இடுப்பச் சுத்தி, அடிவயித்தோட இறுக்கி. நீயும் கட்டினவ தானே. விடியக்காலம் செடி முழுக்கத் தண்ணி. நனையாம இருக்கத்தான் அந்தச் சாக்கக் கட்டுறோம், அது நனைஞ்சு வயித்தோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கும், பொழுது போற வரைக்கும். அது ஈரமுன்னு எனக்குத் தோணவே இல்ல சுலா. குளிக்கிற தண்ணி தான் ஈரம். படங்கு நமக்கு ஈரம் இல்ல, உடுப்பு. எல்லாரும் தலை தலைன்னு சொன்னோம். வயித்த யாரும் நெனக்கல. கொழும்புல இருக்கிற டொக்டரம்மாவுக்குப் படங்குன்னா என்னன்னு எப்படித் தெரியும்?

சாயங்காலம் படங்க அவுக்கும்போது தோலோட சேந்து வந்துச்சு. அப்பத்தான், அந்தச் சாக்கக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கும்போது, யோகா அவுத்தது கண்ணு முன்னால வந்துச்சு.

அவளும் மூணாம் நாளு படங்கு கட்டிக்கிட்டுத் தானே போனா. அவளுக்கும் மழை தானே. கட்டுப் போட்ட எடத்து மேல ஈரச்சாக்க வச்சு இறுக்கிக் கட்டி, பொழுது போற வரைக்கும் நின்னுருக்கா. அவுக்கும்போது முகத்தச் சுளிச்சா. என்னடின்னு கேட்டேன். ஒண்ணும் இல்லைன்னு திரும்பிக்கிட்டா. மூணு நாளு ஒடம்பு சுட்டுருக்கு, ஒரே காம்பராவுல படுத்திருந்தோம், வாயத் தொறக்கல. அரைநாள் சம்பளமா அரைப்பேரு போட்டுருவாங்க, எல்லாரும் ஏசுவாங்கன்னு கம்பளிக்குள்ள சுருண்டுக்கிட்டா. நான் குளிருன்னு நெனச்சு இன்னொரு கம்பளி போத்துனேன்.

ரெண்டு வருசமா நான் கத்தியத் தான் நெனச்சுப் பயந்தேன். ஒப்பரேசன் பண்ணுனவங்க கை, அந்த லொறி, அந்தச் சீலை. கத்தி இல்ல கண்ணு. எங்க இடுப்புல கெடந்த சாக்கு.

இது தெரிஞ்சதும் என்ன செஞ்சேன் தெரியுமா? கத்துனேன். வாசல்ல வந்து நின்னு, கடைசித் தொங்க லயம் வரைக்கும் கேக்குற மாதிரி, "எனக்குக் காய்ச்சலு, எனக்கு வயித்துல சீழு, யாராச்சும் வாங்க"ன்னு கத்துனேன். அம்பத்திரண்டு வயசுல அப்படிக் கத்தினது இல்ல. ஒங்கப்பா செத்தப்பக் கூட அப்படிக் கத்தல. அம்மாக்கண்ணு அடுப்புல இருந்தத அப்படியே போட்டுட்டு ஓடியாந்துச்சு. அந்த ஒடம்ப வச்சுக்கிட்டு அது ஓடினத அன்னைக்குத் தான் பாத்தேன். "அடி பாவி, என்னடி இப்படிக் கத்துற, எனக்குச் சாவு வந்துருச்சுன்னு நெனச்சேன்"னு ஏசிக்கிட்டே என்னைத் தூக்குச்சு. சோலைமலை தோட்ட வேலையப் பாக்குற கண்டாக்கு ஐயாவோட சண்ட போட்டு வேன் எடுத்துக்கிட்டு வந்தான். ரெண்டு பேரும் தான் கொண்டாந்து சேத்தாங்க. இங்க டொக்டரு சொன்னாரு, இன்னும் ரெண்டு நாள் வச்சிருந்தா கஷ்டமுன்னு.

நீ பதறிக்கிட்டு இருப்பன்னு தெரியும். சோலைமலை கிட்ட சொல்லி ஒனக்கு போன் போடச் சொல்லியிருக்கேன். வாறதுன்னா வா. வந்தா என் பக்கத்துல படு.

இப்ப ஒன் விசயம். நான் சொல்லிட்டேன், ஒரு மாசம் உசுரோட இருந்தா செய்யலாமுன்னு. உசுரோட இருப்பேன் போலத்தான் இருக்கு. நீ கடையில நிக்கிற, ஒனக்குப் படங்கு இல்ல. செய்யிறதுன்னா செய். வேணாம்னு தோணினா விடு, எனக்காக விடாத. என் பயம் போயிருச்சுன்னு பொய் சொல்லமாட்டேன். அது போகாது. ஆனா இத்தன நாளா எதப் பாத்துப் பயந்தேனோ அது வேற, பயப்பட வேண்டியது வேற.

செஞ்சா ஒண்ணே ஒண்ணு. ஒடம்பு சுட்டா கத்தணும். வெக்கப்படக் கூடாது. முதலாளியம்மா நின்னாலும் கத்து, கோயிலா இருந்தாலும் கத்து. நம்ம வீட்டுல ஒருத்தி கத்தாமப் போயிட்டா. அது போதும்.

அம்மா

•

கொழும்பு
17.06.2008

அம்மா,

நேத்து செஞ்சாச்சு.

ஆஸ்பத்திரியில ஒங்க பக்கத்துல படுத்திருந்தப்ப வேணாம்னு தான் நெனச்சிருந்தேன். திரும்பி வந்து ஒரு மாசம் யோசிச்சேன். டொக்டரம்மாவுக்குப் படங்குன்னா என்னன்னு சொன்னேன். எழும்பி நின்னு கட்டியும் காட்டினேன், மேசை விரிப்ப எடுத்து. அவங்க உக்காந்துட்டாங்க. "நான் கேட்டிருக்க வேணும். இவ்வளவு நாளும் தலையத் தானே பிள்ளை பாத்துக்கொண்டிருந்தன்"னாங்க. இனிமே தோட்டத்துல இருந்து யாரு வந்தாலும் வேலைக்கு என்ன கட்டுவீங்கன்னு மொதல்ல கேப்பாங்களாம். அப்புறம் தான் நான், சரி, செய்யுங்கன்னேன்.

முடி வருமா வராதான்னு புரட்டாசி வரைக்கும் தெரியாதாம். ஒங்க தலையில அம்மாக்கண்ணு அத்தை தினமும் கொழுந்து பாக்குற மாதிரி விலக்கி விலக்கிப் பாக்குதுன்னு சோலைமலை மாமா சொன்னாரு. ஒண்ணும் இல்லைன்னாலும் இருக்குன்னு சொல்லி ஒங்கள ஏமாத்தும். நம்பாதீங்க.

இன்னைக்குச் சாயங்காலம் படுத்திருந்தேன். ஒடம்பு சுட்ட மாதிரி இருந்துச்சு. வாயத் தொறக்க வெக்கமா இருந்துச்சு. கம்பளிய இழுத்து மூடிக்கிட்டேன். மூடின பிறகு தான் நான் என்ன செய்யிறேன்னு எனக்கே தெரிஞ்சுச்சு. ஒடனே எழும்பிக் கத்தினேன் அம்மா. போர்டிங் முழுக்க ஓடி வந்துச்சு. வீட்டுக்காரம்மா ஈரக் கையோட வந்தாங்க. கௌசி நெத்தியத் தொட்டுப் பாத்தா, கழுத்தத் தொட்டுப் பாத்தா. அப்புறம், "காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்லடி, இந்த வெக்கையில கம்பளி போத்தினா சுடாம என்ன செய்யும்?"னு அடிக்க வந்தா. எல்லாரும் ஏசிட்டுப் போயிட்டாங்க.

எனக்கு இன்னும் பயமா இருக்கு. நாளைக்கும் கத்துவேன்னு அவங்க கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

சுலா